புவியறிவியல் முதுநிலை மாணவருக்கு ஆய்வு முறை: தனிப் பாடமா, குழுப் பயிற்சியா, பழைய ஆய்வின் மறு அலசலா?

சிங்கப்பூரில் முதுநிலைப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ புவியறிவியல் ஆய்வுக்கு வரும் மாணவருக்கு ஆய்வு முறையைக் கற்றுக்கொடுக்க மூன்று வழிகள் உள்ளன. ஒரு பருவம் நடக்கும் தனிப் பாடம் முதலாவது. மேற்பார்வையாளரின் குழுவில் தொடக்கத்திலேயே சேர்ந்து, வேலையோடு வேலையாகப் பழகுவது இரண்டாவது. ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வின் தரவுகளை எடுத்து, அதன் முடிவு அவற்றிலிருந்து உண்மையில் பெறப்படுகிறதா என்று மீண்டும் அலசுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வழி பெரும்பாலும் தனிப் பாடத்தின் ஒப்படைப்புகளுள் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். புவியறிவியலாளர் பெரும்பாலும் நடந்து முடிந்த ஒன்றை, அது விட்டுச்சென்ற தடயங்களிலிருந்து ஊகிக்கிறார். கண்டத் தட்டுகள் மோதியதை ஆய்வுக்கூடத்தில் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. ஒரே தடயத்துக்கு இரண்டு மூன்று விளக்கங்கள் பொருந்துவதும் உண்டு. அமெரிக்கப் புவியியலாளர் டி. சி. சேம்பர்லின் 1890ஆம் ஆண்டிலேயே, ஆய்வாளர் தமக்குப் பிடித்த ஒரே கருதுகோளைப் பற்றிக்கொள்ளாமல் பலவற்றை ஒருசேரச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்தப் பழக்கத்தை எந்த வழி மாணவரிடம் பதியவைக்கிறது என்பதே இங்கு என் அளவுகோல்.

தனிப் பாடம் சிக்கனமானது. புள்ளியியல், ஆய்வு நெறிமுறை, ஆய்வு முன்மொழிவு எழுதுதல் ஆகியவற்றை எல்லா மாணவருக்கும் ஒரே தரத்தில் அது தருகிறது. மேற்பார்வையாளர் வெளியூரில் இருந்தாலும் வகுப்பு நடக்கும். ஆனால் பாறையும் படிவும் இல்லாத இடத்தில் கருதுகோளைப் பற்றிப் பேசும்போது, மாணவர் அதற்கு இலக்கணம் எழுதக் கற்கிறாரே தவிர, அதைக் கைவிட வேண்டிய தருணம் எது என்று கற்பதில்லை. தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. முடித்து, அரியலூரின் புதைபடிவப் பாறைகளிடையே முகாமிட்டுவிட்டு வரும் மாணவருக்கும், சிங்கப்பூரிலேயே சுற்றுச்சூழல் படிப்பு முடித்து வரும் மாணவருக்கும் தேவைகள் வேறு. ஒரே பாடத்திட்டம் இருவருக்கும் பாதியே பயன்படும்.

குழுப் பயிற்சியின் வலிமை கைத்திறனில் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள சிங்கப்பூர் புவி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சுமத்ராவின் மேற்கிலுள்ள தீவுகளில் தட்டையான பவளத் திட்டுகளை வெட்டியெடுத்து, பழைய நிலநடுக்கங்களின் வரலாற்றை வாசித்திருக்கிறார்கள். அந்தப் பவளம் தாழ்ந்த கடல்மட்டத்துக்கு மேல் வளராது. நிலம் உயர்ந்தால் வெளித்தெரியும் பகுதி மடியும், தாழ்ந்தால் மீண்டும் மேல்நோக்கி வளரும். அறுத்த பலகையில் ஆண்டு வளையங்களை எண்ணலாம், யுரேனியம்-தோரியம் முறையில் வயதையும் கணிக்கலாம். அரித்துப்போன வளையம் எது, உண்மையாகவே வளர்ச்சி நின்ற வளையம் எது என்று பிரித்தறியும் கண்ணை எந்த விரிவுரையும் தராது. ஆயினும் குழுவின் கேள்வி, மாணவர் வருமுன்பே நிதி விண்ணப்பத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. மாணவர் முறையோடு சேர்த்து விளக்கத்தையும் சுவீகரித்துக்கொள்கிறார். போட்டிக் கருதுகோளைக் குழுக் கூட்டத்தில் எழுப்புவது புதியவருக்கு எளிதன்று. போதாததற்கு, இந்தோனேசியாவில் களப்பணி என்றால் அந்நாட்டு ஆய்வு அனுமதி வேண்டும். அது வரும்வரை பயிற்சியும் காத்திருக்கும்.

மறு அலசலுக்கு நான் முதலில் கொடுக்கும் பாடம், அமெரிக்கப் புவியியலாளர் ஜி. கே. கில்பர்ட் 1891இல் அந்நாட்டின் அரிசோனாவிலுள்ள பெரும் பள்ளத்தை ஆராய்ந்த வரலாறு. சுற்றிலும் இரும்பு விண்கற்கள் கிடந்தன. விண்கல் மோதலா, நிலத்தடி நீராவி வெடிப்பா என்ற இரு கருதுகோள்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பிரித்துக்காட்டக்கூடிய சோதனைகளை அவர் வகுத்தார். பெரிய விண்கல் அடியில் புதைந்திருந்தால் விளிம்பில் குவிந்த பொருளின் கன அளவு பள்ளத்தின் கொள்ளளவை விஞ்ச வேண்டும், காந்த ஊசியும் விலக வேண்டும். கன அளவுகள் ஏறக்குறையச் சமமாக இருந்தன, ஊசி அசையவில்லை. வெடிப்பே காரணம் என்று முடிவுசெய்தார். கருதுகோள்கள் எவ்வாறு பிறந்து சோதிக்கப்படுகின்றன என்பதற்கு எடுத்துக்காட்டாக 1896இல் அதை விரிவாக எழுதியும் வெளியிட்டார். முடிவு தவறு. மோதிய கல் பள்ளத்தைவிட மிகச் சிறியது, பெரும்பகுதி மோதலிலேயே உருகிச் சிதறியது என்பது பின்னாளில் புலப்பட்டது. கடும் அழுத்தத்தில் மட்டும் உருவாகும் கோயசைட் என்னும் கனிமம், மோதலுக்குச் சான்றாக 1960இல் அங்கே கண்டறியப்பட்டது. முறை பழுதற்றதாக இருந்தும், மோதிய கல் பெரிதாகவே இருக்கும் என்று சோதனைக்குள் ஒளிந்திருந்த ஓர் அனுமானம் முழு வாதத்தையும் கவிழ்த்ததை மாணவர் தம் கையாலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது, பல வார விரிவுரைகளைவிட ஆழமாகத் தைக்கும்.

சிங்கப்பூருக்கு இந்த வழி பொருந்துவதற்கு நிலமும் ஒரு காரணம். வெப்பமண்டலச் சிதைவில் பாறைகள் ஆழம் வரை மண்ணாகிவிட்டன. புக்கிட் தீமா கிரானைட்டை நேரில் பார்க்கப் பழைய கல் குவாரிகளுக்குத்தான் போக வேண்டும். மற்றபடி துளையிட்டு எடுத்த மாதிரிகளே ஆதாரம். ஃபோர்ட் கேனிங் சுற்றுவட்டாரத்தில், கெட்டியான களிமண்ணில் பெரிய மணற்கற்கள் பதிந்த படிவு ஒன்று சுரங்கப் பாதைகள் தோண்டும்போது எதிர்ப்பட்டது. அது மேட்டிலிருந்து சரிந்து சேர்ந்ததா, இருந்த இடத்திலேயே சிதைந்த பாறையா என்ற கேள்வியைத் துளை விவரங்களோடு மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொரு விளக்கத்தையும் எது பொய்யாக்கும் என்று தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி ஒப்படைக்கச் சொல்லலாம். மதிப்பெண் அந்தத் தாளுக்குத்தான் போக வேண்டும், இறுதி விடைக்கு அன்று.

இந்த வழிக்கும் குறை உண்டு. பிறர் தவறை மட்டுமே தேடும் மாணவர் களத்தில் சுத்தியல் பிடிக்கத் தயங்குவார். மூலத் தரவுகளைப் பகிராத கட்டுரைகளும் ஏராளம். அதனால் நான் பரிந்துரைப்பது, முதல் பருவத்தில் மறு அலசலும் அதற்குத் தேவைப்படும் அளவுக்குப் புள்ளியியலும், இரண்டாம் பருவத்திலிருந்து குழுப் பயிற்சியும் ஆகும். நெறிமுறைக்குத் தனியே சில வகுப்புகள் போதும். முனைவர் பட்ட உதவித்தொகையின் கால எல்லையைச் சுட்டி மேற்பார்வையாளர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தகுதித் தேர்வில் மாணவர் திணறி முன்மொழிவைத் திருத்தி எழுதும் மாதங்களையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓராண்டு முதுநிலைப் படிப்பில் இரு கட்டங்களுக்கும் இடமில்லை. அங்கே களப்பணியை விட்டுவிட்டு, மறு அலசலையே ஆய்வேடாக ஏற்றுக்கொள்வது நல்லது.