தக்கலை பக்கம் ஒரு வீட்டு நர்சரி: விலை நியாயமா?

தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில் உள்ளே திரும்பினால், வீட்டு முற்றத்திலேயே செடி வளர்த்து விற்கிற ஒரு அக்கா இருக்கிறார். கேட்டில் ஒரு சிலேட்டு தொங்கும், அன்றைக்கு இருக்கிற செடியும் விலையும் அதில் சாக்பீஸில் எழுதியிருக்கும். எனக்கு இதுவே பெரிய விஷயம், ஏனென்றால் பல இடங்களில் நாம் வந்து இறங்கிய வண்டியைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

நான் போனது ஜாதிக்காய்க்காக. விதைக் கன்று 50 ரூபாய், ஒட்டுக்கன்று 350. இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும், ஆனால் ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் வந்தது எது என்று பூக்கும்வரை தெரியாது, அதற்கு ஆறேழு வருஷம் ஆகும், ஆணாகப் போய்விட்டால் காயே கிடையாது. ஒட்டு, காய்க்கிற மரத்திலிருந்து எடுத்தது. அதிலும் நேராக மேலே போகிற கொம்பில் எடுத்தால்தான் மரமாக நிமிரும், பக்கக் கிளையில் எடுத்தது படர்ந்துதான் வளரும். அக்கா இதை நாம் கேட்காமலேயே சொல்லிவிடுகிறார், இரண்டையும் தனித்தனி வரிசையில் வைத்திருக்கிறார். ஒட்டுப் போட்ட இடம் நன்றாகச் சேர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் விடுகிறார். வேறொரு இடத்தில் என் தம்பிக்கு விதைக் கன்றையே ஒட்டு என்று சொல்லி ஒட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள், தண்டில் ஒட்டின தடமே இல்லை.

நல்லமிளகில் கரிமுண்டா என்கிற ரகம், ஒரு மூடு, அதாவது ஒரு செடி, 25 ரூபாய். பத்துத் தண்டு வைத்தால் மூணு நாலு அழுகிப்போகும், அந்தப் பையும் மண்ணும் சாணிப்பொடியும் பிழைத்ததன் தலையில்தானே விழும் என்று கணக்குச் சொன்னார். சரியான கணக்கு.

ஆந்தூரியம்தான் பிடிக்கவில்லை. 200 ரூபாய்க்கு வைத்திருந்த செடியை லேசாகத் தொட்டதும் அப்படியே ஆடியது, வேர் இன்னும் பிடிக்கவே இல்லை. அதை இன்னும் கொஞ்ச நாள் நிழலில் வைத்திருந்து விற்பதுதான் முறை. சொன்னதும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அப்புறம் செம்பருத்தி 15 ரூபாய். இது ரொம்பக் குறைவு. மாதக்கணக்கில் தண்ணி ஊற்றி, மாவுப்பூச்சி துடைத்து வளர்த்ததற்கு 15 ரூபாயா? "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தானே வாங்குது, எப்படிக் கூட்டிச் சொல்ல" என்கிறார். அப்படியென்றால் அவர்களுக்கு ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டு, விற்பதை 40-க்கு விற்கலாமே அக்கா என்றேன். இதே தொழிலில் பிழைக்கிற மற்றவர்களிடமும் ஆட்கள் இந்த 15-ஐச் சொல்லித்தான் பேரம் பேசுவார்கள்.

மிளகு வேண்டுமென்றால் இடவப்பாதி மழைக்கு (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) முன்னாலேயே சொல்லிவையுங்கள், மழை தொடங்கிவிட்டால் கன்று மிஞ்சாது. ஜிபே உண்டு. ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்விடுவார்கள், மதியத்துக்கு மேல் போங்கள்.