அலமோ நடைச் சுற்றுலா: வழிகாட்டிக்காகவே போகலாம்

அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள சான் அன்டோனியோவில், 1836இல் மெக்சிகோ படை முற்றுகையிட்ட அலமோ கோட்டையைச் சுற்றி இரண்டு மணி நேர நடை. வெறும் வீரக்கதைதான் சொல்வார்கள் என்று நினைத்தேன். வழிகாட்டி 1829இல் தொடங்கினார். டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி; அந்த வருடம் மெக்சிகோ அடிமை முறையை ஒழிக்க ஆணையிட்டது. 1830இல் அமெரிக்கக் குடியேற்றத்துக்கும் தடை. பருத்தி விளைவிக்க அடிமைகளோடு வந்து குடியேறியவர்கள் சும்மா இருப்பார்களா? மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னா 1824 அரசியலமைப்பைத் தூக்கியெறிந்தது, கிளர்ச்சி செய்ய அவர்களுக்கு வசதியாகப் போயிற்று (இது என் கருத்து).

சுண்ணாம்புக்கல் சுவரைத் தடவப் போன என் மகனைத் தடுத்துவிட்டு, 13 நாள் முற்றுகையை விவரித்தார். பிறகு டெக்சாஸ் படை சாண்டா அன்னாவைத் தோற்கடித்த சான் ஹசின்டோ சண்டை 18 நிமிடம்தானாம்! 1836இல் டெக்சாஸ் குடியரசின் அரசியலமைப்பு அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது என்றதும் கூட்டமே அமைதியானது.

குறை என்றால், 1845இல் டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்ததையும் அப்புறம் வந்த மெக்சிகோ போரையும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார். காதுக்கருவியும் கரகரத்தது. தொப்பி எடுத்துப் போங்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது.