பூனை உள்ள வீட்டில் எந்த ஊசி, எந்த நூல்?

ஊட்டியில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடிகாலைப் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டை விட்டு நகராமல் நூலும் கையுமாக உட்காரத் தோதான காலம். நூலை எடுத்த ஐந்தாவது நிமிடம் பூனையும் மடிக்கு வந்துவிடும். அதைக் கணக்கில் சேர்க்காமல்தான் பலரும் ஊசியும் நூலும் வாங்குகிறார்கள். பின்னுகிறவர் கைக்கு எது பழக்கம் என்பதை விட, அந்த வீட்டில் வளர்வது பூனையா நாயா என்பதுதான் இந்தத் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது.

ஒப்பிட ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளத்தில் பூனை படுக்க ஒரு தடித்த விரிப்பு. நூலை இரட்டையாகப் பிடித்து, 8 மி.மீ. பருமனுள்ள ஊசியிலோ கொக்கியிலோ போடுவதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டு ஊசியா, ஒரு கொக்கியா

ஒரே கொக்கி ஊசியால் நூலை வளைத்து இழுத்துப் பின்னுவது குரோஷே. அதில் 43 சங்கிலி (தொடக்க வளையம்) போட்டு, கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கினால் வரிசைக்கு 42 கண்ணி (பின்னல் வளையம்) வரும். சிங்கிள் குரோஷே என்ற நெருக்கமான குட்டைக் கண்ணியில் 55 வரிசை போனால் 50 செ.மீ. ஆகிவிடும். மொத்தம் 2,310 கண்ணி. நிமிடத்துக்கு 15 போடுகிறவருக்கு இரண்டரை மணி நேர வேலை.

இரண்டு ஊசியில் அதே விரிப்பை எல்லா வரிசையும் நிட் (நேர்க் கண்ணி) போட்டுப் பின்னினால் 44 கண்ணி, 110 வரிசை. அதாவது 4,840 கண்ணி. கை வேகமானவர் நிமிடத்துக்கு 25 போட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். புதிதாகக் கற்றவருக்கு ஞாயிறு மதியம் வரை இழுக்கும். நூல் செலவில் மட்டும் ஊசிப் பின்னல் சிக்கனம்: இதற்கு 150 முதல் 180 கிராம், குரோஷேக்கு 200 முதல் 250 கிராம்.

ஆனால் மணிக்கணக்கும் நூல் கணக்கும் இரண்டாம்பட்சம். ஊசிப் பின்னலில் 44 கண்ணியும் திறந்தபடியே ஊசியில் தொங்கும். பூனை ஊசியின் முனையைக் கவ்வி இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். கழன்ற ஒவ்வொரு கண்ணியும் ஏணிப்படி போலக் கீழே பிரிந்துகொண்டே போகும். குரோஷேயில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே கண்ணிதான். பூனை நூலை இழுத்தால் கடைசி வரிசையில் பத்துப் பதினைந்து கண்ணி போகும், அவ்வளவுதான். எழுந்து போகும்போது அந்த ஒரு கண்ணியில் ஊக்கு ஒன்றை மாட்டிப் பூட்டிவிட்டால் அதுவும் போகாது.

அதனால் பூனை உள்ள வீட்டுக்கு, அதிலும் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி இருந்தால், குரோஷேதான். ஊசிப் பின்னலை விட மனமில்லாதவர்கள் நீள ஊசியை விட்டு, நடுவில் கேபிள் உள்ள வட்ட ஊசிக்கு மாறலாம். தட்டையான விரிப்பையும் அதில் பின்னலாம். வேலையை நிறுத்தும்போது கண்ணிகளைக் கேபிளின் நடுவுக்குத் தள்ளிவிட்டால் எந்த முனையை இழுத்தாலும் உடனே கழலாது. உலோக ஊசியில் கண்ணி வழுக்கும். மூங்கில் ஊசி பிடித்துக்கொள்ளும். மூங்கிலில் உள்ள ஒரே தொல்லை, நாய்க்கு அது கடிக்கும் குச்சியாகத் தெரிவது.

ஊசி வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். நம் ஊர்க் கடைகளில் ஊசி நம்பர் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கணக்கு. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்: 10 நம்பர் என்றால் 3.25 மி.மீ., 8 நம்பர் 4 மி.மீ., 6 நம்பர் 5 மி.மீ. அமெரிக்க வீடியோவில் சொல்லும் 8 நம்பர் 5 மி.மீ. ஊசி. மேலே சொன்ன 8 மி.மீ. வேண்டுமென்றால் பிரிட்டிஷ் கணக்கில் 0 நம்பர் கேட்க வேண்டும். நம்பரை மறந்துவிட்டு மி.மீ. சொல்லிக் கேட்பதே நல்லது. குரோஷேயிலும் இதே வம்பு உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். இங்கே சொல்வது அமெரிக்க சிங்கிள். மாற்றிப் போட்டால் ஓட்டை ஓட்டையாக வரும், பூனை நகம் மாட்டும்.

கம்பளி, அக்ரிலிக், பருத்தி

கடையில் ‘உல்லன்’ என்று கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வரும் பந்துகளின் சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சீட்டு இல்லாவிட்டால் 5 செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீ காட்டுங்கள். கம்பளி முடி கருகிய வாடையோடு எரிந்து, தீயை எடுத்ததும் தானாக அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும்.

சீட்டில் உள்ள ‘4 ப்ளை’ என்பது முறுக்கிச் சேர்த்த இழைகளின் எண்ணிக்கை, நூலின் பருமன் அல்ல. 100 கிராமில் 200 மீட்டர் அளவில் வரும் நூலுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு பொருந்தும்.

கதகதப்பில் கம்பளிக்கு ஈடில்லை. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மலைப்பகுதி ஈரக்காற்றுக்கு இது பெரிய வசதி. ஆனால் விலங்கு படுக்கும் இடத்துக்கு என்று வந்தால் கம்பளி தோற்றுவிடுகிறது. அதன் இழையில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சுடுதண்ணீரில் அலசிக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, 50 செ.மீ. விரிப்பு 35 செ.மீ. பலகையாகத் திரும்பி வரும். பூனை ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டால், வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீரில் கசக்காமல் அலசி அந்த வாடையை எடுப்பது பெரும்பாடு. சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி இதற்குத் தாங்கும், விலைதான் கடிக்கும்.

சில பூனைகளுக்குக் கம்பளியைச் சப்பும் பழக்கம் வேறு உண்டு. சயாமீஸ், பர்மீஸ் இனங்களில் அதிகம். அப்படிப்பட்ட பூனைக்கு எந்த நூலிலும் விரிப்பு பின்னிப் போடாதீர்கள்.

கம்பளி வைத்த பெட்டியில் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதிலுள்ள நாப்தலீன் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. நூலைக் காற்றுப் புகாத கவரில் கட்டி, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலே பெரும்பாலும் புழுவும் முட்டையும் செத்துவிடும்.

அக்ரிலிக் மெஷினில் துவைத்தாலும் தாங்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. பூனை விரிப்புக்கு முதல் இடம் இதற்குத்தான். இரண்டு குறைகள் உண்டு. உலர்ந்த குளிரில் நிலைமின்சாரம் ஏறி வீட்டிலுள்ள முடியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தேய்த்தால் முடி உருண்டு வந்துவிடும். அடுத்தது சூடு. ரூம் ஹீட்டரை ஒட்டி அக்ரிலிக் விரிப்பைப் போடவே கூடாது. இஸ்திரிப் பெட்டி பட்டாலும் தொய்ந்து தட்டையாகிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது.

பருத்தி ஜெயிப்பது ஒரே இடத்தில்: உண்ணிப்பூச்சித் தொல்லை உள்ள வீட்டில். 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் இரட்டை நூல் பருத்தி விரிப்பு நனைந்தால் கல் மாதிரி கனக்கும். குன்னூர், கொடைக்கானல் மூட்டத்தில் மூன்று நாளானாலும் நடுப்பகுதி காயாது. சென்னையின் மார்கழிக்குப் பருத்தி போதும். அங்கே பூனையும் கம்பளி கேட்காது.

நகம் மாட்டி ஒரு கண்ணி வெளியே தொங்கினால் கத்தரியைத் தேடாதீர்கள். வெட்டினால் அங்கிருந்து பிரியும். மொட்டை ஊசியை (முனை மழுங்கிய தையல் ஊசி) எடுத்து, தொங்கும் நூலுக்குப் பக்கத்துக் கண்ணியின் காலை, அதாவது பக்க இழையைத் தூக்கிக் கொஞ்சம் தளர்ச்சியை அதற்குக் கொடுங்கள். பிறகு அடுத்த கண்ணி, அதற்கடுத்தது. ஏழெட்டுக் கண்ணிக்குள் தொங்கல் பங்கிடப்பட்டு மறைந்துவிடும். கடைசியாகத் துணியைக் குறுக்காக ஒருமுறை இழுத்துவிட்டால் எங்கே மாட்டியது என்றே தெரியாது.

நூலை விழுங்கிவிட்டால்

பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் வாய்க்குள் போனால் துப்ப வராது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே இருக்கும். சுருக்குப்பை போலக் குடல் நூலின் மேல் சுருங்கும்; இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடும். அதனால் வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தாலும் பிடித்து இழுக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தி, சாப்பாடு வேண்டாமென ஒதுங்குதல், சோர்ந்து படுத்தல் இவற்றுக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாய்க்கும் இதே ஆபத்து உண்டு. நாய் நூலோடு ஊசியையும் சேர்த்து விழுங்கும். வேலை ஓயும் ஒவ்வொரு தடவையும் மொட்டை ஊசி, ஊக்கு, கத்தரி மூன்றையும் எண்ணி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பந்தை மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் ஜாடிக்குள் வைத்து, துளை வழியே நூலை இழுத்துப் பின்னலாம். திறந்த கிண்ணம் அழகுதான், பூனைக்கும் அது அழகாகத் தெரியும்.

நாய்க்கு ஸ்வெட்டர் என்றால் கதை மாறும்

பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றுக்கு இயற்கையே இரட்டைக் கம்பளி கொடுத்திருக்கிறது. அவற்றுக்கு ஸ்வெட்டர் தொந்தரவுதான். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு முடி குட்டை, உடம்பில் கொழுப்பும் இல்லை. மலைக்குக் கொண்டுபோனால் இரவில் நடுங்கும். ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறுமான அந்த உடம்புக்குக் குரோஷே ஒத்துவராது, துணி வளைந்து கொடுக்காது. இங்கே இரண்டு நிட், இரண்டு பர்ல் (நிட்டின் மறுபக்கக் கண்ணி) என்று மாறி மாறிப் போகும் ஊசிப் பின்னலே சரி. நெஞ்சில் விரிந்து இடுப்பில் தானாகச் சுருங்கும்.

கழுத்து 36 செ.மீ., நெஞ்சு 60 செ.மீ. உள்ள நாய்க்கு, 5 மி.மீ. வட்ட ஊசியில், லேசாக இழுத்து அளந்தால் 10 செ.மீ.க்கு 18 கண்ணி வரும் அக்ரிலிக் நூல் 150 முதல் 200 கிராம் போதும். 64 கண்ணியில் கழுத்துப் பட்டியைத் தொடங்கி 8 செ.மீ. போங்கள். பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணியாக ஒன்பது தடவை கூட்டினால் 100 ஆகும். நெஞ்சளவை விட இது சுமார் 4 செ.மீ. குறைவு, வேண்டுமென்றே வைத்தது. சரியான அளவில் பின்னினால் தொங்கி, கால் மாட்டும். முன்னங்கால்களுக்காக நெஞ்சுப் பக்கம் 16 கண்ணியையும் முதுகுப் பக்கம் 84 கண்ணியையும் பிரித்து, தனித்தனியே 20 வரிசை போட்டு மறுபடி இணையுங்கள். ஆண் நாயாக இருந்தால் வயிற்றுப் பக்கத்தை ஒரு சாண் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நடையிலேயே நனைந்துவிடும்.

பொத்தான், குஞ்சம், பாம்பாம் (நூல் பூப்பந்து) எதுவும் வேண்டாம்; நாய் கழற்றித் தின்னும். நூல் முனைகளை 15 செ.மீ. விட்டு வெட்டி, மொட்டை ஊசியால் ஒரு பக்கம், திரும்ப எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் என மூன்று முறை கோத்து விடுங்கள். ஒரே திசையில் கோத்த முனையைத்தான் நாய் பல்லால் தேடி எடுக்கும்.