சீட்டுக்கு ஒரு காசு, முன்னால் ஏற ஒரு காசு: மதுரையிலிருந்து துபாய் போய் வந்த அனுபவம்

மே விடுமுறையில் உம்மா, தங்கச்சி, அவள் பிள்ளைகள் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேர் மதுரையிலிருந்து துபாய் போனோம். டிக்கெட் விலை போக, சீட் தேர்வுக்கு 3,000 ரூபாய், முன்னுரிமை போர்டிங்குக்கு ஆளுக்கு 400 வீதம் 2,000 ரூபாய், ஆக மொத்தம் 5,000 தனியாகக் கொடுத்தோம். ஊருக்குத் திரும்பிய பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், உண்மையாகவே உபயோகப்பட்டது உம்மாவின் ஒரு சீட்டுக்குக் கொடுத்தது மட்டும்தான். மற்றதெல்லாம் பயத்தில் கொடுத்தது. கீழக்கரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வருஷம் முழுக்க வளைகுடாவுக்கு ஆள் போய் வந்துகொண்டே இருக்கிறார்கள், எல்லாரும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

டிக்கெட் போட்டது ஊரிலேயே ஒரு டிராவல்ஸில். பணம் கட்டும் நேரத்தில் கடைப் பையன் திரையை என் பக்கம் திருப்பினான். விமானத்தின் படம், கட்டம் கட்டமாக சீட்டுகள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விலை. காசில்லாத சீட் எங்கே என்று தேடினால், பின்பக்கம் நடுச் சீட்டுகள் நாலைந்து மட்டும் இருந்தன, அதுவும் ஒன்றோடொன்று சேராமல். "சீட் போடலன்னா பிரிச்சுப் போட்டுருவாங்க காக்கா, சின்னப் பிள்ளைகளை வேற வச்சிருக்கீங்க" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, குடும்பத்தோடு சேர்ந்து உட்கார இப்போதே தேர்ந்தெடுங்கள் என்று அந்தப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சீட் வேண்டாம் என்று தாண்டிப்போகும் பொத்தான் கீழே மூலையில் மங்கலாக இருந்தது, அதை அழுத்தினால் இன்னொரு பெட்டி வந்து நிச்சயமாக வேண்டாமா என்று கேட்டது. மூன்று வயதுப் பெண் பிள்ளை யாரோ தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரம் அழுவதை நினைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வரும்? எல்லாருக்கும் போட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. 2024 ஏப்ரலில், விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ நம் நாட்டு விமான நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆரில் (டிக்கெட் பதிவு எண்) வரும் தாய், தகப்பன் அல்லது பாதுகாவலர் யாராவது ஒருவர் பக்கத்தில் சீட் ஒதுக்க வேண்டும், அதைப் பதிவு செய்தும் வைத்திருக்க வேண்டும் என்று. தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரே பி.என்.ஆர்தான். ஆக அவர்கள் மூன்று பேருக்குக் கொடுத்த 1,500 ரூபாயைக் கொடுத்திருக்கவே தேவையில்லை. இந்த உத்தரவைப் பற்றி அந்த சீட் படத்தில் ஒரு வரி கிடையாது. எனக்குக் கோபம் வந்தது இதில்தான். ஜன்னல் சீட்டை, கால் நீட்டும் சீட்டை நல்ல விலைக்கு விற்கட்டும், வேண்டியவர்கள் வாங்குவார்கள். இப்படிப்பட்ட சேவைகளைத் தனியாக விற்க டிஜிசிஏ அனுமதி கொடுத்திருக்கிறது, பயணி தானாகக் கேட்டு வாங்குவதாக இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு நிபந்தனை. ஏற்கெனவே நமக்கு உரிமையாக இருப்பதைச் சொல்லாமல் விட்டு, பிள்ளையைப் பிரித்துவிடுவோம் என்று பயம் காட்டி வாங்க வைத்தால் அது கேட்டு வாங்கியதாகுமா? இன்னொன்றையும் கவனியுங்கள், பி.என்.ஆர் ஒன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு டிக்கெட், விலை இறங்கினால் நாளைக்கு இரண்டு என்று பிரித்துப் போடுவது நம் ஆட்களுக்கு வழக்கம். அப்படிப் போட்டால் இந்த உத்தரவை வைத்துக் கேட்க முடியாது.

சேது எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் போடும்போது உம்மாவின் வயதைப் போட்டால், கீழ் பர்த் இருக்கும்வரை ரயில்வேயின் கம்ப்யூட்டரே அதைக் கொடுத்துவிடும், அதற்கென்று தனியாக ஒரு ரூபாய் வாங்குவதில்லை. அதே வயதை விமான டிக்கெட்டிலும் எழுதிக் கொடுக்கிறோம். சீட் விஷயத்தில் அது உதவுவதில்லை.

சரி, உம்மாவின் சீட்டுக்கு வருகிறேன். உம்மாவுக்கு முட்டி வலி, கூடவே சர்க்கரை, மணிக்கொரு தடவை எழுந்து போக வேண்டும். நடுவிலோ ஜன்னல் பக்கமோ உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரை எழுப்ப வேண்டும், அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். அதனால் நடைபாதைப் பக்கச் சீட் கட்டாயம். கால் நீட்ட வசதியாக இருக்குமே என்று அவசர வழி வரிசையைக் கடைப் பையன் காட்டினான், விலையும் அதுதான் அதிகம். நல்லவேளையாக நான் வேண்டாம் என்றுவிட்டேன். ஆபத்து நேரத்தில் அந்தக் கதவைத் திறந்து உதவக்கூடிய ஆட்களைத்தான் அங்கே உட்கார வைப்பார்கள், முட்டி வலியுள்ள பெரியவர்கள், பிள்ளைகள், கர்ப்பிணிகளை உட்கார விடமாட்டார்கள். காசு கட்டியிருந்தாலும் எழுப்பி வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள். முதல் வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் சீட்டுகளுக்கு நடுவில் உள்ள கைப்பிடியைத் தூக்க முடியாது, முன்னால் சீட் இல்லாததால் கைப்பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். மாத்திரையும் ஊசியும் மேலே போய்விடும். கடைசியில் இரண்டாம் வரிசை நடைபாதைப் பக்கம் 2 சி போட்டோம், 900 ரூபாய். பக்கத்தில் 2 பி எனக்கு, 600.

உட்காரும்போது உம்மா கஷ்டப்படுவதைப் பார்த்து விமானப் பணிப்பெண் ஒன்று காட்டிக் கொடுத்தாள். நடைபாதைப் பக்கக் கைப்பிடியின் அடிப்பாகத்தில், முதுகுச் சாய்வோடு சேரும் இடத்துக்குக் கிட்டே விரலால் தடவிப் பார்த்தால் சின்னதாக ஒரு பொத்தான் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடுகிறது. உம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து, கால் இரண்டையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார்கள், முட்டியை மடக்கி நுழைய வேண்டிய வேலையே இல்லாமல் போனது. எல்லா விமானத்திலும் எல்லா வரிசையிலும் இது இருக்காது, ஆனால் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கொடுத்த 5,000 ரூபாயில் கிடைக்காத நிம்மதி அந்தப் பொத்தானில் கிடைத்தது.

முன்வரிசைக்கு அதிகக் காசு கொடுத்ததற்குக் காரணம், சீக்கிரம் இறங்கிவிடலாம் என்ற எண்ணம். அது தப்புக் கணக்கு. வீல்சேர் கேட்டவர்களைக் கடைசியில்தான் இறக்குகிறார்கள், கூட்டம் எல்லாம் போன பிறகு. 2ஆம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு மொத்த விமானமும் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்னுரிமை போர்டிங்குக்குக் கொடுத்த 2,000 இன்னும் மோசம். மதுரையில் முதலில் கூப்பிட்டது வீல்சேர்காரர்களையும் உடன் போகிறவர்களையும். அடுத்து சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள். அதற்கு அப்புறம்தான் முன்னுரிமைக்குக் காசு கட்டியவர்கள். அதாவது உம்மாவும் நானும் முதல் அழைப்பிலேயே போய்விட்டோம், தங்கச்சியும் பிள்ளைகளும் இரண்டாவது அழைப்பில் வந்துவிட்டார்கள். ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட காசு கட்டி வாங்கிய அந்த முன்னுரிமையைக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. வீல்சேருக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை, டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டால் போதும். பெரியவர்களோடும் கைப்பிள்ளைகளோடும் போகிறவர்கள் தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

தனியாகப் போகிறவருக்காவது பிரயோஜனம் உண்டா என்றால், அதையும் பார்த்துவிட்டேன். போன மாதம் சென்னையிலிருந்து மதுரைக்கு வேறொரு நிறுவனத்தில் வந்தேன், சீட்டோடு சேர்த்து முன்னுரிமையும் ஒரே விலையில் வந்தது. வாசலில் முதல் ஆளாக விட்டார்கள். கீழே இறங்கினால் பஸ். அந்த பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் ஏறி முடிக்கும்வரை பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றேன். முதலில் ஏறியதால் உள்ளே தள்ளப்பட்டு எதிர்ப் பக்கக் கண்ணாடியோரம் போய்விட்டேன், கடைசியாக ஓடி வந்து ஏறிய பையன் கதவை ஒட்டி நின்றான். விமானத்துக்குப் பக்கத்தில் கதவு திறந்ததும் அவன்தான் முதலில் படியேறினான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவருக்குக்கூட அந்த இடம் நிச்சயம். இங்கே காசு வாங்கிக்கொண்டு எந்த இடத்தையும் உறுதி செய்யவில்லை. விமானத்தோடு நேராக இணைக்கும் பாலம் இருந்தால் சரி, பஸ் என்றால் இந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம்.

முன்னால் ஏறுவதில் உள்ள ஒரே லாபம் பை வைக்கும் இடம். கேபின் பை 7 கிலோ என்பது கணக்கு, ஊருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அந்த 7 கிலோவை விடுவதில்லை, அதனால் வளைகுடா விமானங்களில் மேலடுக்கு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. தங்கச்சி மச்சானுக்காக ஓலைப்பெட்டியில் தொதல் இனிப்பு கொண்டு வந்திருந்தாள், நசுங்காமல் வைக்க அவளுக்குத் தலைக்கு மேலேயே இடம் கிடைத்தது, பிள்ளைகளோடு முன்கூட்டி ஏறியதால். ஏறும்போது நேரம் போவது நடப்பதில் இல்லை, ஒருவர் பையைத் தூக்கி வைக்கும்வரை பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் நிற்பதில்தான். ஜேசன் ஸ்டெஃபன் என்ற விஞ்ஞானி 2008இல் இதையே கணக்குப் போட்டுக் காட்டி, ஒரே சமயத்தில் பலர் பை வைக்கும்படி வரிசைகளை இடைவெளி விட்டு ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்று எழுதினார். காசு கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்து ஏற்றுவது அந்த நோக்கத்தில் வந்ததே இல்லை.

எவ்வளவு பெரிய வியாபாரம் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், ஃபிரான்டியர், ஸ்பிரிட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை சீட் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வாங்கியிருக்கின்றன என்று இருக்கிறது. சீட் எண்ணே இல்லாமல், வந்த வரிசையில் உட்காரச் சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2026 ஜனவரி 27 முதல் சீட் ஒதுக்க ஆரம்பித்துவிட்டது, நல்ல இடத்துக்குத் தனி விலையோடு. இது குறையப்போவதில்லை. எதற்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் விடுவது என்று நாம்தான் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது உம்மாவும் நானும் மட்டும், தங்கச்சியும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். இந்தத் தடவை உம்மாவுக்கு மட்டும் கடைசி வரிசைகளில் 27 சி, 350 ரூபாய். முன்பக்கம் ஒரு கழிப்பறைதான், பின்பக்கம் இரண்டு, இறங்குவதும் எப்படியும் கடைசியில்தான், பிறகு முன்னால் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது. எனக்கு எதுவும் போடவில்லை. கவுன்டரில் இருந்த பெண்ணிடம், உம்மாவுக்குத் துணையாக வருகிறேன், பக்கத்தில் காலியாக இருந்தால் கொடும்மா என்று ஒரு வார்த்தை கேட்டேன். 27 பி கொடுத்தாள், காசில்லாமல். நடுச் சீட்தான், ஆனால் போகும்போது அதே நடுச் சீட்டுக்குத்தான் 600 கொடுத்திருந்தேன். எப்படி இருந்தது என்று உம்மாவிடம் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருந்துச்சு வாப்பா, எல்லாரும் வந்து நம்ம தலைமாட்டுலயே வரிசையில நிக்கிறதுதான் தொந்தரவு" என்றார்கள். அது உண்மை, கழிப்பறைக் கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. தூங்க நினைப்பவர்கள் நாலைந்து வரிசை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கேட்டால் சீட் தேர்வுக்கு 5க்கு 3, தேவைப்படுகிற ஒருவருக்கு மட்டும் வாங்கினால். முன்னுரிமை போர்டிங்குக்கு 5க்கு 1.

தங்கச்சி பிள்ளைகளோடு ஆகஸ்டில் வருகிறாள். முந்தாநாள் போன் செய்து, "காக்கா, மூணு பேருக்கும் சீட் போடவா?" என்று கேட்டாள். பி.என்.ஆர் ஒன்றுதானே என்றேன், ஒன்றுதான் என்றாள். அப்படியென்றால் போட வேண்டாம், மூன்று மணி நேரம் முன்னாலேயே கவுன்டருக்குப் போ, பக்கத்தில் தரவில்லை என்றால் அந்த 2024 உத்தரவைச் சொல்லிக் கேள் என்று சொல்லி, அந்தச் செய்தியை அவள் போனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.