ஹோஸ்டிங் மாறும்போது மெயில் நிற்கக் கூடாதா? நேம்சர்வரா, ஏ ரெக்கார்டா?

புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதிக்கு ரூம் புக்கிங்கும், கடலூர் சிப்காட் ஆலைக்கு பர்ச்சேஸ் ஆர்டரும் மெயிலில் வருகின்றன. வெப்சைட் அரை நாள் தெரியாமல் போனால் சமாளிக்கலாம். மெயில் திரும்பிப் போனால் ஆர்டரும் கூடவே போய்விடும்.

புது ஹோஸ்டிங்காரர் பெரும்பாலும் "நேம்சர்வரை மாத்திடுங்க" என்பார். டொமைனின் முகவரிக் குறிப்புகளை, அதாவது டிஎன்எஸ் ரெக்கார்டுகளை, வைத்திருக்கும் சர்வர்தான் நேம்சர்வர். அவருக்கு அது சுலபம். ஆனால் வெப்சைட்டோடு மொத்த டிஎன்எஸ்ஸும் இடம் மாறும். எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும்), எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம்), டிகேஐஎம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்து) ரெக்கார்டுகளில் எதையாவது புது இடத்தில் எழுதாமல் விட்டால் மெயில் அடிபடும். .காம் டொமைனின் பழைய நேம்சர்வர் விவரம் 48 மணி நேரம் வரை வெளியே தங்கும் என்பதால், தவறைத் திருத்தினாலும் உடனே பலிக்காது. டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் பாதுகாப்பு) போட்டிருந்து, ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பதிவு செய்த நிறுவனம்) அதற்கான பழைய டிஎஸ் ரெக்கார்டை எடுக்காவிட்டால் டொமைனே முடங்கும்.

டொமைன் எந்த சர்வரின் ஐபியில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுவதே எங்கள் பரிந்துரை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் டிடிஎல், அதாவது பழைய ரெக்கார்டு வெளியே நினைவில் தங்கும் நேரம், வழக்கமாக 14400 விநாடி. முந்தைய நாளே அதை 300 ஆக்குங்கள். பிசகினால் ஐந்தே நிமிடத்தில் பழைய ஐபிக்குத் திரும்பலாம்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. மெயில் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், எம்எக்ஸ் பெரும்பாலும் டொமைன் பெயரையே காட்டும். ஏ ரெக்கார்டை மாற்றியதும் மெயிலும் புது சர்வருக்குப் போகும். அங்கே மெயில்பாக்ஸ் இல்லை. 550 (நிரந்தர மறுப்பு) என்று உடனே திருப்பிவிடும். சர்வர் படுத்திருந்தால்கூட அனுப்பியவரின் சர்வர் சில நாள் மறுபடி மறுபடி முயலும். தப்பான சர்வர் விழித்திருப்பதுதான் ஆபத்து. அதனால் முதலில் 'மெயில்' சப்டொமைனின் சி-நேமை (வேறொரு பெயரைப் பின்பற்றச் சொல்லும் ரெக்கார்டு) நீக்கி, பழைய ஐபிக்கு ஏ ரெக்கார்டு போட்டு, எம்எக்ஸை அதற்குத் திருப்புங்கள். எஸ்பிஎஃப்பில் பழைய ஐபியையும் சேர்த்துவிடுங்கள். எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒன்றுதான் இருக்க வேண்டும்.

புது சிபேனலில் ஈமெயில் ரூட்டிங்கை 'ரிமோட்' ஆக்க மறக்கவே கூடாது. 'லோக்கல்' என்று இருந்தால் வெப்சைட் ஃபார்மில் வரும் விசாரணைகள் அந்த சர்வரைத் தாண்டாது. வெளியிலிருந்து வரும் மெயில் ஒழுங்காக வருவதால் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யப் போகிறீர்களா? அப்படியானால் மெயிலை முதலில் ஜோஹோவுக்கோ கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கோ மாற்றுங்கள், வெப்சைட் பிறகு. மெயில்பாக்ஸுக்கு இவ்வளவு என்று செலவு உண்டு. ஆனால் அடுத்த முறை ஹோஸ்டிங் மாறினாலும் மெயிலைத் தொட வேண்டியதில்லை. எம்எக்ஸ் மாற்றும் முன் இன்ஃபோ, அக்கவுண்ட்ஸ் போன்ற எல்லா முகவரிகளையும் உருவாக்கிவிடுங்கள். பழைய மெயிலை ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாக நகலெடுக்கலாம். பாப் முறையில் இறக்கியவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கக்கூடும். நேம்சர்வரும் பழைய ஹோஸ்டிங்குடையது என்றால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும். ரெக்கார்டுகள் அனைத்தையும் புது இடத்தில் எழுதிய பிறகே மாற்றுங்கள்.

இந்த மாற்றத்தைச் செய்ய விடுதிக்குச் செவ்வாய் காலை ஏற்றது. வெள்ளி மாலையிலிருந்து வார இறுதிக் கூட்டம் தொடங்கிவிடும். ஆலை ஆபீஸுக்குச் சனி மாலை. முடிந்ததும் வெளி ஜிமெயிலிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, அதற்குப் பதிலும் போடுங்கள். ஜிமெயிலில் அந்தப் பதிலை 'ஷோ ஒரிஜினல்' என்று திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டுக்கும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.