"தண்ணீர் டயோரமா முழு கிட்" வாங்கும் முன் இதைப் படியுங்கள்

டயோரமா என்றால் ஒரு காட்சியை அப்படியே சிறிதாக்கிக் காட்டும் மாதிரி. சிறிய மீன்பிடிப் படகு, ஆறு மனிதப் பொம்மைகள், தெர்மாகோல் அடித்தளம், தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி இறுகவிடும் ரெசின் இரண்டு பாட்டில். எல்லாம் ஒரே பெட்டியில், 1:72 ஸ்கேல் (நிஜ அளவில் 72-இல் ஒரு பங்கு) என்று ஒரு விற்பனையாளர் ஆன்லைனில் விற்கிறார். அந்தப் பெட்டியில் ஏமாற்று இருக்கிறது. அதுவும் ஒரு இடத்தில் இல்லை.

முதலில் ரெசின். விளம்பரத்தில் "2 செ.மீ. ஆழம் வரை ஒரே ஊற்றல்" என்று இருந்தது. வந்த பாட்டில்களில் ஏ, பி, 2:1 என்பதைத் தவிர வேறு எழுத்தே இல்லை. ஏ ரெசின், பி அதை இறுக வைக்கும் ஹார்டனர், 2:1 இரண்டையும் கலக்கும் விகிதம். உள்ளே இருந்தது ஆழமாக ஊற்றும் ரெசினே அல்ல. மேசை, ஓவியம் போன்றவற்றின் மேல் மெல்லிய பூச்சாக ஊற்றும் கோட்டிங் எப்பாக்ஸி வகை ரெசின். இரண்டுக்கும் விலையிலும் குணத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. கோட்டிங் ரெசின் வேகமாக இறுகும், இறுகும்போது சூடு கக்கும். 3 முதல் 6 மி.மீ. கனத்தில் அந்தச் சூடு வெளியேறிவிடும். 2 செ.மீ. ஊற்றினால் உள்ளேயே தேங்கி, சூடு ஏற ஏற இறுகுவதும் வேகமெடுக்கும்.

விளைவு இதுதான்: பெட்டியில் இருந்ததை ஒரே முறையில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் பக்கச் சுவரைத் தொட முடியாத சூடு. தெர்மாகோல் 80 டிகிரி செல்சியஸை ஒட்டியே சுருங்கத் தொடங்கிவிடும். அது உள்வாங்கிய இடங்களிலிருந்து காற்று கிளம்பி, பாதி இறுகிய ரெசினுக்குள் குமிழ்களாக மாட்டிக்கொண்டது. படகின் பிளாஸ்டிக் அடிப்பகுதி நெளிந்தது. ஆறும்போது ரெசின் சுருங்கி, படகின் கூர்மையான முன்மூக்கிலிருந்து ஓரம் வரை ஒரே விரிசல். கூர்முனையில்தான் இழுவிசை குவியும் என்பதால் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நிறமும் மஞ்சள்.

அளவிலும் குறை. அடித்தளம் 25 × 15 செ.மீ. 2 செ.மீ. ஆழத்துக்கு 750 மி.லி. வேண்டும். படகு அடைக்கும் இடத்தைக் கழித்தாலும் 700-ஐ ஒட்டி வரும். பெட்டியில் இருந்தது 250-ம் 125-ம், மொத்தம் 375 மி.லி. விளம்பரம் சொன்ன ஆழத்தில் பாதி!

புகார் செய்ததும் வந்த முதல் பதில்: "நீங்கள் கலந்த விகிதம் தவறு." அந்த 2:1 எடையிலா, கன அளவிலா என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. கேள்வி சின்னதாகத் தெரியலாம், விஷயம் சின்னதில்லை. ரெசின் ஒரு மி.லி. சுமார் 1.1 கிராம், ஹார்டனர் அதைவிட லேசு. கன அளவில் 2:1 என்பது எடையில் ஏறக்குறைய 100:44. அதைத் தராசில் 100:50 என்று கலந்தால் ஹார்டனர் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். மேற்பரப்பு பிசுபிசுக்கும், சீக்கிரம் மஞ்சளாகும். இதைக்கூட அச்சிடாமல் விற்றுவிட்டு, வாங்கியவர் மேல் பழி போடுவது அநியாயம். தொழில்நுட்பத் தாள் கேட்டதற்கு விளம்பரப் படத்தையே மறுபடி அனுப்பினார்கள். கடைசியில் "திறந்த பாட்டிலுக்குப் பணம் திரும்பக் கிடையாது" என்று முடித்துக்கொண்டார்கள்.

ஊற்றும் முன்பே கண்டுபிடிக்கலாம். மூடிய ஏ பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். காற்றுக்குமிழ் தேன் பாட்டிலில் ஏறுவதுபோல் மெதுவாக ஏறினால் அது கோட்டிங் வகை என்று சந்தேகப்படலாம். ஆழ ஊற்றும் ரெசினில் குமிழ் சட்டென்று மேலே போகும். உறுதிசெய்ய, 60 மி.லி. கலந்து சிறிய கப்பில் வைத்து, வெப்பமானியோடு காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொதிக்கிறதென்றால் அதை 2 செ.மீ. ஊற்றவே கூடாது. நல்ல ஆழ ஊற்றல் ரெசின் இறுகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை கட்டாயம் போடுங்கள். இறுகாத எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு போகாது. பெட்டியில் வந்த மெல்லிய பாலித்தீன் கையுறையை நம்பாதீர்கள்.

விளம்பரப் படத்தில் இருந்த அலைகள் இன்னொரு பொய். எப்பாக்ஸி தானாகவே சமமாகிவிடும், அதில் அலை நிற்காது. ரெசின் முழுக்க இறுகிய பிறகு கெட்டியான பளபளப்பு அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் 2 மி.மீ. அடுக்குகளாகக் குத்திக் குத்தி எடுத்தால்தான் அலை வரும். வெள்ளையாக இருக்கும் ஜெல் காய்ந்ததும் தெளிவாகும். உச்சியில் மட்டும் காய்ந்த தூரிகையால் வெள்ளை தொட்டால் நுரை. அந்த ஜெல் பெட்டியில் இல்லவே இல்லை.

மனிதர்கள் 1:72 அல்ல. 1.75 மீட்டர் ஆள் இந்த ஸ்கேலில் 24 மி.மீ. இருக்க வேண்டும். வந்தவை 20 மி.மீ.; அது ரயில் மாடலுக்கான 1:87. படகின் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிக் கம்பி 1:72-இல் 14 மி.மீ. வரும். இடுப்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டிய கம்பி இவர்களுக்கு மார்பை முட்டுகிறது. வாங்கும் முன் நிற்கும் ஆளின் உயரத்தை மி.மீ.-இல் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ரெசினைத் தூக்கிப் போட வேண்டாம். தெர்மாகோலை எடுத்துவிட்டு, வார்னிஷ் இரண்டு கை அடித்த பிளைவுட் வையுங்கள். வார்னிஷ் இல்லாவிட்டால் மரத்திலிருந்து குமிழ் வரும். முதலில் 30 மி.லி. மட்டும் கன அளவில் 2:1 கலந்து, மறுநாள் நகம் பதிகிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால் 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றலாம். ஓர் அடுக்குக்கு 112 மி.லி., ஆக மூன்று அடுக்கு வரும். முந்தையது சூடு ஆறி, விரல் பட்டால் ஒட்டுகிற ஆனால் விரலோடு வராத பதத்தில் அடுத்ததை ஊற்றுங்கள். இடையில் கோடு தெரியாது. மூன்றும் சேர்ந்து 9 மி.மீ. ஆழம்தான். அடித்தளத்தைக் கரும்பச்சை கலந்த நீலத்தில் தீட்டிவிட்டால் அந்த ஆழமே போதும்.