மிளகு என்ற நாய்க்குட்டி சாப்பிடத் தொடங்கிய கதை: ரோயல் கெனின் மினி பப்பி, ஆறு வாரத்துக்குப் பிறகு

முதலே சொல்லிவிடுகிறேன், ரோயல் கெனின் மினி பப்பி என்ற இந்த நாய்க்குட்டி உணவுக்கு நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன், குறைத்த ஒன்று விலைக்காக. ஆனால் எங்கள் வீட்டு நாய்க்குட்டி சாப்பிடத் தொடங்கியதில் இந்தப் பையைத் தவிர வேறு சில விஷயங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் நட்சத்திரம் மட்டும் போட்டால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

மிளகு பொமரேனியன் கலப்பு, கறுப்பு. எட்டு வாரத்தில் வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள், அப்போது 1.1 கிலோ. கூடவே கொடுத்தனுப்பிய சாப்பாட்டை முதல் நாலைந்து நாள் நன்றாகவே சாப்பிட்டாள். அது முடிந்ததும் காலி வீதியில் ஒரு கடையில் அதே உணவை நிறுத்து வாங்கினேன். கொழும்பில் நாய் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பெரிய மூட்டையைப் பிரித்து, பொலித்தீன் பையில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி விற்பார்கள். விலை குறைவு, வீட்டில் அடைசல் இல்லை, சின்னக் குட்டிக்கு இது போதும் என்று நினைத்தேன். மிளகு கிட்ட வந்து மணந்தாள், ஒரு துண்டை வாயில் எடுத்தாள், தரையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

அப்புறம் நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். குட்டி பட்டினி கிடக்கிறதே என்று அம்மா கோழி ஈரல் அவித்துக் கொடுத்தார், சாப்பிட்டாள். அடுத்த நாள் ஈரலுக்கும் முகத்தைத் திருப்பினாள், உடனே முட்டை. முட்டையும் அலுத்ததும் பாணைப் பாலில் ஊறப்போட்டுக் கொடுத்தோம், அன்று இரவே வயிற்றோட்டம், ஏனென்றால் பால் மறந்த நாய்களில் பலவற்றுக்குப் பசும்பாலில் இருக்கும் லக்டோஸ் செமிக்காது. கடைசியில் கறியில் கிடந்த மீனைத் தண்ணீரில் கழுவிக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உறைப்பு கழுவினால் போகலாம், வெங்காயமும் உள்ளியும் கரைந்து மீனுக்குள் இறங்கியிருக்கும், அந்த இரண்டும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். சமைத்த எலும்பும் கூடாது, முந்திரிகை வற்றலும் சொக்லேட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது.

மூன்று வாரத்தில் அவள் ஏறியது 100 கிராம்தான். எனக்குப் பயம் வந்துவிட்டது, ஏனென்றால் இவ்வளவு சின்னக் குட்டிகள் பல மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி, நடுங்கி, தள்ளாடி விழுந்துவிடும். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று பெரிய நாய்க்குச் சொல்வதை ஒரு கிலோக் குட்டிக்குச் சொல்ல முடியாது. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் முரசைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பூச்சி இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதித்தார், தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரி. (வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் சேர்ந்து சாப்பிடாமல் கிடக்கிற குட்டிக்கு பார்வோ என்ற ஆபத்தான வைரஸ் நோயாக இருக்கலாம், அப்போது எந்தப் பை நல்லது என்று யோசிக்க நேரமில்லை, உடனே கொண்டு போங்கள்.) பிறகு நான் கொண்டு போயிருந்த பொலித்தீன் பையைத் திறந்து என்னிடம் நீட்டி, "இதை நீங்கள் மணந்து பார்த்தீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

அதுவரை மணந்ததே இல்லை. பழைய எண்ணெய் மணம், பெயின்ட் டப்பாவைத் திறந்தால் வருமே, அப்படி. உலர் உணவைச் சுட்டெடுத்த பிறகு, மணத்துக்கும் சுவைக்குமாக அதன் மேல் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். மூட்டையைத் திறந்துவைத்தால் அந்தக் கொழுப்பில்தான் முதலில் காற்றுப் படும், எங்கள் ஊர் வெக்கையும் கடற்காற்று ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே காறிப் போய்விடும். அதை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தவள் மிளகு. மூன்று வாரமாக அவளைச் செல்லம், திமிர், நாக்கு நீளம் என்று எவ்வளவு சொல்லிவிட்டோம். கடைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது, "அக்கா, அதே சாமான்தான், பைதான் வேற" என்றார் அங்கிருந்த தம்பி. மூட்டை எப்போது திறந்தது, எந்தத் திகதி வரைக்கும், எதுவும் அவருக்கும் தெரியவில்லை. தெரிவதற்கு வழியும் இல்லை, திகதி இருந்த மூட்டை எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். நிறுத்து விற்கிற உணவை இனி என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

சரி, இந்த உணவுக்கு வருகிறேன். கொம்பனி சீல் வைத்த 800 கிராம் பை வாங்கினேன். மினி பப்பி என்றால் வளர்ந்த பிறகு 10 கிலோவுக்குள் நிற்கும் இனங்களுக்கு, இரண்டு மாதத்திலிருந்து பத்து மாதம் வரை. இதைவிடச் சின்னதாக, வளர்ந்தும் 4 கிலோ தாண்டாத நாய்களுக்கு எக்ஸ்-ஸ்மோல் என்று ஒன்று இருக்கிறது, கலப்பு என்பதால் மிளகு ஐந்து ஆறு கிலோ வரை வரலாம் என்று வைத்தியர் இதைச் சொன்னார். புரதம் 31 வீதம், கொழுப்பு 20 வீதம். பக்கத்திலேயே இருந்த பெடிகிரி பப்பி சிக்கன் அண்ட் மில்க் பையில் 24 வீதமும் 10 வீதமும், பட்டியலில் முதலில் வருவது தானியம். (இரண்டுமே மார்ஸ் கொம்பனியின் பொருட்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.) பெடிகிரி கூடாது என்று நான் சொல்லவில்லை, செல்லப்பிராணி உணவுக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் அஃப்கோ அமைப்பு வளரும் குட்டிக்குக் கேட்கும் குறைந்த அளவு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், புரதம் 22.5 வீதம், கொழுப்பு 8.5 வீதம்தான், அதை இரண்டும் தாண்டுகின்றன. நன்றாக வாரிச் சாப்பிடும் குட்டி என்றால் விலை குறைந்ததை வாங்கி நிம்மதியாக இருக்கலாம். கொறித்துவிட்டு ஓடும் குட்டிக்கு ஒவ்வொரு வாயிலும் கூடுதலாகக் கொழுப்பு இருப்பது பெரிய உதவி, நான் இதை எடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அந்த "ஈரத்தைக் கழித்து" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள், நான் இதில் ஏமாந்திருக்கிறேன். டின் உணவில் புரதம் 8 வீதம் என்று பார்த்து இது தண்ணீர்தான் என்று திருப்பி வைத்தேன். அதில் ஈரம் 80 வீதம், மீதி 20இல் 8 என்றால் 40 வீதம், பல உலர் உணவுகளைவிடக் கூட. டின்னோ பையோ, வளரும் குட்டிக்கான முழுமையான உணவு என்று எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். அது இல்லாமல் வருகிற சில டின்கள் மேலே போட்டுக் கொடுப்பதற்கு மட்டும், அதையே மூன்று வேளையும் கொடுத்தால் குட்டிக்குக் கல்சியம் போன்றவை குறையும். லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிரான சிக்கல், பெரிய இனக் குட்டிக்குக் கல்சியம் கூடினால் எலும்பு கோணலாக வளரலாம். அவர்களுக்கு இந்த மினி பை வேண்டாம், பெரிய இனக் குட்டிக்கென்று இருப்பதை எடுங்கள், வைத்தியர் சொல்லாமல் கல்சியம் சிரப்பும் ஊற்ற வேண்டாம்.

துண்டு சின்னது, மிளகின் வாய்க்கு அளவாக இருக்கிறது. மணம் பலம்தான், சமையலறை அலுமாரியில் வைத்தால் வீடு முழுக்க வரும், ஆனால் காறல் இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் மணம் இன்னும் எழும்பும், துண்டும் மெத்தென்று ஆகும். நாலு மாதத்தில் பல் விழத் தொடங்கும்போது அது மிகவும் கைகொடுத்தது. முதல் வாரம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோறும் அவித்த கோழியும் முக்கால் பங்கு, இது கால் பங்கு, பிறகு பாதிப் பாதி, எட்டாவது நாள் முழுக்க இது. ஒரு நாளைக்கு 70 கிராம், சமையல் தராசில் நிறுத்து நாலு வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன், இப்போது மூன்று வேளை. இருபது நிமிடம் வைப்பேன், பிறகு எடுத்துவிடுவேன். அடுத்த வேளை வரைக்கும் ஈரல் இல்லை, முட்டை இல்லை. அம்மாவுக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது, இரண்டாம் நாள் மிளகு பார்த்த பார்வையில் அவர் எழும்பி அறைக்குள் போய்விட்டார். இப்போது ஈரல் கொடுக்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும், ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், கிண்ணம் காலியான பிறகு.

இன்னொன்று, எங்களுக்கு ஐந்தாம் நாள்தான் பிடிபட்டது. கிண்ணத்தைப் பல்கனிப் பக்கம் வைத்திருந்தோம், கீழே மரின் டிரைவ், அதற்கு அப்பால் ரயில் பாதை. ஒவ்வொரு ரயிலுக்கும் அவள் கிண்ணத்தை விட்டு ஓடிவிடுவாள், திரும்பி வருவதில்லை. கழுத்துப்பட்டியில் இருந்த தகடு எவர்சில்வர் கிண்ணத்தில் டிங் என்று படுவதும் அவளைத் திடுக்கிட வைத்தது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே, அகலமான பீங்கான் தட்டில் வைத்தோம். அன்று இரவே தட்டை நக்கி முடித்தாள், நானும் அம்மாவும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றோம்.

குறை என்றால் விலை. 800 கிராம் எங்களுக்குப் பதினொரு நாள்தான் வருகிறது, கடைக்குக் கடை விலையும் மாறுகிறது, 2022இல் ரூபா விழுந்ததிலிருந்து இறக்குமதி உணவு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. இரண்டு கிலோப் பை கணக்குப் பார்த்தால் லாபம், இப்போது அதைத்தான் எடுக்கிறேன், ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் பெரிய பை வேண்டாம். திறந்ததை வேறு போத்தலில் கொட்டாமல், அதே பையின் வாயை மடித்துக் கிளிப் போட்டு, இறுக மூடும் வாளிக்குள் வைக்கிறேன், திகதியும் கையோடு இருக்கும்.

நேற்று நிறுத்துப் பார்த்தோம், 2.1 கிலோ. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அதுதான் சரியான உடம்பு என்றார் வைத்தியர். பத்து மாதம் ஆனதும் வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாற்ற வேண்டும், அப்போது எதை எடுத்தோம் என்று இதன் கீழேயே எழுதுகிறேன்.